போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தோற்றது கேப்டனா?

2007 உலகக் கோப்பையில் இந்தியா ஆடியது மூன்றே ஆட்டங்கள், மூன்றும் மேற்கிந்தியத் தீவுகளின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில். மார்ச் 17 அன்று வங்கதேசத்திடம் தோல்வி. 19 அன்று பெர்முடாவை 257 ரன் வித்தியாசத்தில் நசுக்கியது. 23 அன்று இலங்கையிடம் 69 ரன்னில் தோல்வி. இரண்டு நாள் கழித்து வங்கதேசம் பெர்முடாவை வென்றதும், ஒட்டிக்கொண்டிருந்த கடைசி நம்பிக்கையும் போனது. கேப்டன் ராகுல் திராவிட் தன் அணியுடன் ஊர் திரும்பினார். போட்டித் தொடர் அதன்பின் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது.

வங்கதேசத்திடம் தோற்ற உடனேயே ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டைத் தாக்கினார்கள். ஊர் ஊராகக் கொடும்பாவி எரிந்தது. இலங்கை ஆட்டமும் முடிந்த பிறகு கோபம் மெல்ல மெல்லக் கேப்டன் பக்கம் குவிந்தது. டாஸில் தப்பு, பேட்டிங் வரிசையில் தப்பு, டெண்டுல்கரை நான்காவதாக இறக்கியது தப்பு, பயிற்சியாளர் கிரெக் சாப்பல் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது தப்பு, களத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதுகூடத் தப்பு. இன்றைக்கும் இந்தியாவின் மோசமான கேப்டன்கள் என்று யாராவது பட்டியல் போட்டால், இந்த ஒரு தொடரைச் சாட்சியாக வைத்து திராவிட் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள்.

என் கட்சி இது: அந்தத் தோல்விக்குத் திராவிட் பொறுப்பு. ஆனால் அவர் காரணம் இல்லை. பொறுப்பு பதவியோடு வருவது, அதை அவர் தட்டிக் கழிக்கவும் இல்லை. காரணம் என்பது யார் என்ன செய்ததால் என்ன நடந்தது என்ற விஷயம். அதற்கு ஸ்கோர்கார்டைத்தான் பார்க்க வேண்டும்.

வங்கதேச ஆட்டத்தில் இந்தியா டாஸ் வென்று பேட்டிங் எடுத்தது. சேவாக் 2, உத்தப்பா 9, டெண்டுல்கர் 7, திராவிட் 14. 72 ரன்னுக்கு நான்கு விக்கெட். அதன்பின் கங்குலியும் யுவராஜும் நின்று 157 வரை கொண்டுபோனார்கள். கங்குலி 129 பந்தில் 66 எடுத்தார். மெதுவான ஆட்டம்தான், ஆனால் அந்த நிலையில் யாராவது ஒருவர் நின்றுதான் ஆக வேண்டும். ஆறு விக்கெட் கையில் இருக்க, கடைசி ஓவர்களில் அடித்து ஆடினால் 220, 230 வரும் என்ற கட்டம். அங்கேதான் விழுந்தது இடி. 157க்கு யுவராஜ், 158க்கு கங்குலி, அதே 158க்கு தோனி ரன் எடுக்காமல், 159க்கு ஹர்பஜன், அதே 159க்கு அகர்கர். இரண்டு ரன்னுக்குள் ஐந்து விக்கெட். கடைசியில் ஜாகீர் கானும் முனாஃப் படேலும் சேர்ந்து 32 ரன் தேற்றியதால் 191 ஆவது வந்தது.

இந்த இரண்டு ரன்னுக்குள் போன ஐந்து விக்கெட்டில் கேப்டன் என்ன செய்திருக்க முடியும்? அவர் எப்போதோ ஆட்டமிழந்து பெவிலியனில் உட்கார்ந்திருக்கிறார். பீல்டிங் செய்யும் கேப்டனுக்கு ஒவ்வொரு பந்துக்கும் வேலை உண்டு. பேட்டிங் செய்யும் அணியின் கேப்டன், அவுட் ஆன பிறகு, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்மைவிடக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும் பார்வையாளர். அவ்வளவுதான்.

அடுத்து பந்துவீச்சு. 191ஐக் காப்பாற்றும் வேலை. டமீம் இக்பால் ஜாகீர் கானை இறங்கி வந்து அடித்த சிக்ஸர் பலருக்கும் நினைவிருக்கும். அன்றைக்கு அவருக்குப் பதினெட்டு வயது நிரம்ப மூன்று நாள் பாக்கி. அவர் 51, ஷகிப் அல் ஹசன் 53, முஷ்ஃபிகுர் ரஹீம் ஆட்டமிழக்காமல் 56. மூவருக்குமே இருபது வயது நிறையவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டு வங்கதேச கிரிக்கெட்டைச் சுமந்தவர்கள் இந்த மூன்று பேரும். ஏதோ கத்துக்குட்டிகளிடம் தோற்றுவிட்டோம் என்று அன்று பேசியது, எதிரணியில் யார் இருந்தார்கள் என்று தெரியாமல் பேசிய பேச்சு. அவர்களுடைய முன்னாள் வீரர் மஞ்சுருல் இஸ்லாம் ராணா முந்தைய நாள்தான் சாலை விபத்தில் இறந்திருந்தார். அந்தத் துக்கத்தோடு களமிறங்கிய அணி அது. மஷ்ரஃபே மொர்தசா நான்கு விக்கெட் எடுத்தார். அதே வங்கதேசம் அடுத்த கட்டமான சூப்பர் எட்டுச் சுற்றில் தென்னாப்பிரிக்காவையும் தோற்கடித்தது. இந்தியாவின் பிரிவில் இருந்த இன்னொரு அணியான இலங்கை இறுதிப் போட்டி வரை போனது. எளிதான பிரிவு என்று முதலில் சொன்னது யாரோ தெரியவில்லை.

டாஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வங்கதேசத்துக்கு எதிராக முதலில் பேட்டிங் எடுத்துத் தோற்றபோது, "பிட்சைப் பார்த்து பவுலிங் எடுத்திருக்க வேண்டும்" என்றார்கள். இலங்கைக்கு எதிராக டாஸ் வென்று பவுலிங் எடுத்தார். இலங்கை 254 எடுத்தது. இந்தியா 185க்கு ஆல் அவுட். உடனே, "முக்கியமான ஆட்டத்தில் சேஸிங் எதற்கு?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு ஆட்டத்திலும் வேறு வேறு முடிவு, இரண்டும் குற்றம். இதில் கேப்டனின் மூளையைப் பற்றி நமக்கு எதுவும் தெரியவரவில்லை. தோற்ற அணியின் டாஸ் முடிவு எப்போதும் தப்பாகத்தான் தெரியும் என்பது மட்டும் தெரிகிறது.

அந்த இலங்கை ஆட்டத்தில் டெண்டுல்கர் டில்ஹாரா பெர்னாண்டோ பந்தை ஸ்டம்பில் வாங்கி டக் அவுட். தோனி சந்தித்த முதல் பந்திலேயே முரளிதரனிடம் எல்பிடபிள்யூ, அவருக்கும் பூஜ்யம். யுவராஜ் ரன் அவுட். சேவாக் 48. அணியில் அதிக ரன் எடுத்தவர் கேப்டன் திராவிட்தான், 60. எந்த ஆட்டத்தை வைத்து அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்களோ, அந்த ஆட்டத்தில் நின்று ஆடியவர்களில் அவர் முதலாவது ஆள்.

இனி, பலரும் தொடாமல் விடும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். போட்டியின் அமைப்பு.

2007இல் பதினாறு அணிகளை நான்கு நான்காக நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். பிரிவில் முதல் இரண்டு அணிகளுக்கு சூப்பர் எட்டில் இடம். அதாவது முதல் சுற்றில் மூன்றே ஆட்டம். ஒரு ஆட்டத்தில் சறுக்கினால் அடுத்தது வாழ்வா சாவா என்றாகிவிடும். இதை நான்கு ஆண்டுக்கு முந்தைய 2003 உலகக் கோப்பையோடு வைத்துப் பாருங்கள். அப்போது ஏழு ஏழு அணிகளாக இரண்டு பிரிவு. முதல் சுற்றிலேயே ஆறு ஆட்டம். கங்குலியின் அணி நெதர்லாந்தை முக்கி முனகி வென்றது. அடுத்த ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவிடம் 125க்குச் சுருண்டு ஒன்பது விக்கெட்டில் தோற்றது. அப்போதும் கொடும்பாவி எரிந்தது. முகமது கைஃபின் வீடு தாக்கப்பட்டது. ஆனால் கங்குலிக்கு இன்னும் நான்கு ஆட்டம் மிச்சம் இருந்தது. அங்கிருந்து தொடர்ச்சியாக எட்டு வெற்றி, நேரே இறுதிப் போட்டி. இன்று 2003ஐ நாம் கங்குலியின் சாதனையாகக் கொண்டாடுகிறோம், அது சரியே. ஆனால் 2007இன் அமைப்பு 2003இல் இருந்திருந்தால், செஞ்சூரியன் தோல்விக்குப் பிறகு ஒரே ஒரு ஆட்டத்தில் கங்குலியின் பெயர் முடிவாகியிருக்கும். திராவிடுக்குக் கிடைக்காமல் போனது அந்த நான்கு ஆட்ட அவகாசம்.

இதை ஐசிசியே உணர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அதற்குக் காரணம் கிரிக்கெட் நியாயம் இல்லாவிட்டாலும். இந்தியா வெளியேறிய அதே தொடரில் பாகிஸ்தானும் அயர்லாந்திடம் தோற்று முதல் சுற்றோடு போனது. அதுவும் இந்தியா வங்கதேசத்திடம் தோற்ற அதே மார்ச் 17இல். ஏப்ரல் 15 அன்று பிரிட்ஜ்டவுனில் இந்தியா - பாகிஸ்தான் மோதும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த சூப்பர் எட்டு ஆட்டம், கடைசியில் அயர்லாந்து - வங்கதேச ஆட்டமாக நடந்தது. விளம்பரக்காரர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் மறுபடி ஏழு ஏழு அணிகள், ஆளுக்கு ஆறு ஆட்டம் என்று அமைப்பை மாற்றிவிட்டார்கள். அந்த 2011 தொடரில் இந்தியா தென்னாப்பிரிக்காவிடம் தோற்றது, இங்கிலாந்தோடு டை ஆனது, அப்படியும் கோப்பையை வென்றது.

டெண்டுல்கரை நான்காவதாக இறக்கியது பற்றி. காலம் காலமாகத் தொடக்க ஆட்டக்காரராக ஆடி மலை மலையாக ரன் குவித்தவரை நடுவில் இறக்குவது யாருக்குமே உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனால் இது உலகக் கோப்பை அன்று காலையில் தோன்றிய யோசனை இல்லை. கரீபியத் தீவுகளில் ஆடுகளம் மெதுவாக இருக்கும், நடு ஓவர்களில் சுழற்பந்தை ஆடத் தெரிந்த அனுபவசாலி வேண்டும் என்பது கணக்கு. ஜனவரியில் அதைப் பரீட்சித்தும் பார்த்தார்கள். வதோதராவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நான்காவதாக இறங்கிய டெண்டுல்கர் 76 பந்தில் ஆட்டமிழக்காமல் 100 அடித்தார். மறுபடி அணிக்குள் வந்த கங்குலியும் தொடக்கத்தில் ரன் குவித்துக்கொண்டிருந்தார். உலகக் கோப்பைக்கு ஒன்றரை மாதம் முன்பு இப்படி ஒரு ஆதாரம் கையில் இருந்தால், எந்தக் கேப்டனும் அதன் பக்கம்தான் சாய்வார். திட்டம் பலிக்கவில்லை. பலிக்காத திட்டமெல்லாம் முட்டாள்தனமான திட்டம் என்று சொல்லிவிட முடியாது.

இதைவிடப் பெரிய உண்மை, வரிசையை மாற்றி மாற்றிப் பார்க்கும் அந்தப் பழக்கம் திராவிட் கேப்டனான முதல் சில மாதங்களில் இந்தியாவுக்கு வெற்றியைத்தான் தந்தது. 2005 அக்டோபரில் இலங்கைக்கு எதிராக நாக்பூரில் இர்ஃபான் பதானை மூன்றாவதாக அனுப்பினார்கள், 83 அடித்தார். அதே இலங்கைத் தொடரில் ஜெய்ப்பூரில் மூன்றாவதாகப் போன தோனி 183 அடித்து நாட் அவுட். அந்தத் தொடரை இந்தியா 6-1 என்று வென்றது. பாகிஸ்தானில் 4-1, சொந்த மண்ணில் இங்கிலாந்தை 5-1. இரண்டாவது பேட் செய்து தொடர்ச்சியாக 17 ஆட்டம் வென்ற உலக சாதனையில் பெரும்பகுதி திராவிட் தலைமையில் வந்தது. அப்போது எல்லோரும் இதைப் "புது இந்தியா" என்று புகழ்ந்தார்கள். 2006 மே மாதம் மேற்கிந்தியத் தீவுகளில் 1-4 என்று தோற்றதில் இருந்து சறுக்கல் ஆரம்பித்தது. சாம்பியன்ஸ் டிராபியில் சொந்த மண்ணிலேயே முதல் சுற்றோடு வெளியேற்றம், தென்னாப்பிரிக்காவில் 0-4. இந்தச் சறுக்கலைத்தான் உண்மையில் ஆராய வேண்டும். உலகக் கோப்பை அதன் கடைசி அத்தியாயம் மட்டுமே.

இங்கே திராவிடைப் பாதுகாக்க நினைப்பவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. சாப்பல் 2005இல் பயிற்சியாளராக வந்ததில் இருந்து ஓய்வறையில் மூத்த வீரர்களுக்கும் அவருக்கும் இடையே பிளவு வளர்ந்துகொண்டே போனது. கங்குலி பற்றி அவர் கிரிக்கெட் வாரியத்துக்கு எழுதிய மின்னஞ்சல் வெளியே கசிந்த நாளிலேயே அது ஊருக்குத் தெரிந்துவிட்டது. உலகக் கோப்பைக்குப் பிறகு, பயிற்சியாளர் தங்கள் மனப்பாங்கைச் சந்தேகித்தது மனதைப் புண்படுத்தியது என்று டெண்டுல்கரே பத்திரிகையிடம் சொன்னார். ஏப்ரல் முதல் வாரத்தில் சாப்பல் விலகினார். இந்த இரண்டு ஆண்டிலும் நடுவில் நின்றவர் திராவிட். அவர் ஒருமுறையாவது மேசையைத் தட்டி, "இது என் அணி" என்று சொல்லியிருக்க வேண்டும். வெளியில் தெரிந்த வரையில் சொல்லவில்லை. பயிற்சியாளரின் யோசனைகளில் பாதி சரியானவை என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம், அது தப்பில்லை. ஆனால் யோசனை சரியாக இருப்பதும் அதைச் சொல்லும் விதம் ஆட்களைச் சிதறடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். அதைக் கவனிக்க வேண்டியது கேப்டன் வேலை. குற்றச்சாட்டு என்று எழுதுவதானால் நான் இதைத்தான் எழுதுவேன். அதற்கு 2006 முழுக்கச் சாட்சி இருக்கிறது.

களத்தில் எடுத்த முடிவுகளிலும் அவரைக் குறை சொல்ல நல்ல இடங்கள் உண்டு. 2006 மார்ச்சில் மும்பை டெஸ்டில் டாஸ் வென்று இங்கிலாந்தை பேட் செய்ய அழைத்தார். நான்காவது இன்னிங்ஸில் இந்தியா 100க்குச் சுருண்டு 212 ரன்னில் தோற்றது, தொடர் சமன் ஆனது. 2007 ஓவல் டெஸ்டில் 319 ரன் முன்னிலை இருந்தும் பாலோ ஆன் கொடுத்து இங்கிலாந்தை உடனே மறுபடி பேட் செய்ய வைக்கவில்லை, ஆட்டம் டிரா. தைரியம் போதாது என்று இதற்குச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் பாருங்கள், அந்த ஓவல் டிராவோடு இந்தியா தொடரை 1-0 என்று வென்றது. இங்கிலாந்தில் 1986க்குப் பிறகு கிடைத்த முதல் டெஸ்ட் தொடர் வெற்றி. அதற்கு முந்தைய ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் 1971க்குப் பிறகு முதல் தொடர் வெற்றி. கிங்ஸ்டனில் பேய் பிடித்த ஆடுகளத்தில் திராவிட் 81, 68 எடுத்து வென்றுகொடுத்த டெஸ்ட் அது. ஜோஹன்னஸ்பர்கில் தென்னாப்பிரிக்க மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் அவர் தலைமையில்தான். ஒருநாள் ஆட்டக் கணக்கைப் பார்த்தால் 79இல் 42 வெற்றி, 33 தோல்வி. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். மோசம் என்று எப்படிச் சொல்வது?

உலகக் கோப்பைத் தோல்வியைக் கேப்டன் தலையில் கட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. சென்னைக்காரர் வெங்கட்ராகவனைக் கேட்டால் தெரியும். 1975, 1979 இரண்டு உலகக் கோப்பையிலும் அவர்தான் கேப்டன். 1975இல் லார்ட்ஸில் இங்கிலாந்து அடித்த 334க்குப் பதிலாக கவாஸ்கர் அறுபது ஓவரும் நின்று 36 ரன் எடுத்த கூத்தை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது. 1979இல் மூன்று ஆட்டத்திலும் தோல்வி, அதில் ஒன்று அப்போது டெஸ்ட் தகுதிகூடப் பெறாத இலங்கையிடம். அந்தச் சுற்றுப்பயணம் முடிந்து திரும்பி வரும் விமானத்தில், அடுத்த கேப்டன் கவாஸ்கர் என்று விமானி ஒலிபெருக்கியில் அறிவித்ததாக இன்றும் சொல்வார்கள். பதவி போன செய்தி அவருக்கு அப்படித்தான் வந்தது.

அசாருதீன் கதை இன்னும் வேடிக்கை. 1996 அரையிறுதியில் ஈடன் கார்டனில் டாஸ் வென்று இலங்கையை பேட் செய்யவிட்டார். பிற்பாடு ஆடுகளம் உடைந்து அணி சரிந்தது. அந்த ஆண்டே டெண்டுல்கர் கேப்டனாக்கப்பட்டார். 1998இல் அதே அசாருதீனையே திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மாற்றியதால் என்ன கிடைத்தது?

எதிர்ப்பக்க உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 2009 டி20 உலகக் கோப்பையில் தோனியின் அணி சூப்பர் எட்டில் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. 2010இலும் அதேபோல மூன்றுக்கு மூன்று தோல்வி. அவரை மாற்று என்ற குரல்கள் எழுந்தன, வாரியம் அசையவில்லை. அடுத்த ஆண்டு மும்பை வான்கடேயில் அவர் உலகக் கோப்பையை வென்றது எல்லோருக்கும் தெரியும். 2023இல் பத்து ஆட்டம் தொடர்ந்து வென்றுவிட்டு அகமதாபாத் இறுதியில் தோற்ற ரோகித் சர்மாவையும் மாற்றவில்லை. ஒப்பந்தம் முடிந்த பயிற்சியாளரையும் தொடரச் சொன்னார்கள். ஏழு மாதத்தில் இருவரும் சேர்ந்து பார்படாஸில் டி20 உலகக் கோப்பையை வென்றார்கள். அந்தப் பயிற்சியாளர் திராவிட்.

விட்டுவைத்த கேப்டன் எல்லாம் ஜெயித்துவிடுவார் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். தோனிக்கும் ரோகித்துக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: தோல்வியைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் கொடுத்தார்கள். எந்தப் பவுலர் போதவில்லை, எந்த வேகத்தில் ஆட வேண்டும் என்று அவர்களே உட்கார்ந்து சரிசெய்ய முடிந்தது.

2007இல் வாரியம் திராவிடை உடனே நீக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ரவி சாஸ்திரியைத் தற்காலிக மேலாளராகப் போட்டு வங்கதேசத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டெஸ்ட், ஒருநாள் இரண்டு தொடரையும் திராவிட் வென்றார். மிர்பூரில் தினேஷ் கார்த்திக், வாசிம் ஜாஃபர், திராவிட், டெண்டுல்கர் என்று முதல் நான்கு பேரும் சதம் அடித்தார்கள். அப்புறம் இங்கிலாந்து டெஸ்ட் தொடர் வெற்றி, ஒருநாள் தொடர் 3-4 என்று தோல்வி. செப்டம்பரில் அவராகவே பதவியில் இருந்து விலகினார். யாரும் பிடுங்கவில்லை. அந்த வாரம் தென்னாப்பிரிக்காவில் தோனியின் இளைய அணி முதல் டி20 உலகக் கோப்பையை ஆடிக்கொண்டிருந்தது. டெஸ்ட் கேப்டன் பதவியை டெண்டுல்கரிடம் நீட்டினார்கள், அவர் வேண்டாம் என்றார். உலகக் கோப்பை முடிந்ததும் ஒருநாள் ஆட்டங்களில் இருந்து ஓய்வு பெற்றிருந்த கும்ப்ளேதான் முப்பத்தேழாவது வயதில் அதை ஏற்றுக்கொண்டார்.